கேரட் காட்டு மண் கடலடிக்குப் போனால் என்ன ஆகும்?

கொடைக்கானல் மலையில் பெய்கிற மழை இரண்டு பக்கமாகப் பிரிந்து இறங்குகிறது. தெற்குச் சரிவில் விழுந்தது மஞ்சளாறு, வராக நதி என்று பேர் வாங்கி வைகையில் சேர்ந்து, மதுரையைத் தாண்டி, ராமநாதபுரம் பெரிய கண்மாயை நிரப்பி, அதற்கு மேலும் மிஞ்சினால் ஆற்றங்கரை என்கிற ஊர்ப்பக்கம் கடலைத் தொடும். வடக்குச் சரிவில் விழுந்தது சண்முகாநதி, நங்காஞ்சி, குடகனாறு என்று இறங்கி அமராவதியோடு கலந்து, கரூர்ப் பக்கம் காவிரியில் சேர்ந்து, கல்லணையில் பல கிளையாகப் பிரிந்து, அதில் ஒரு பங்கு வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு வழியாக முத்துப்பேட்டைக் காயலுக்குப் போகிறது. வரைபடத்தை விரித்துவைத்து விரலால் பின்தொடர்ந்து பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. மலை முகட்டில் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டு போன இரண்டு ஓடைகளும் போய்ச் சேர்வது ஒரே கடலில்தான். பாக் விரிகுடாவின் தென் ஓரத்தில் ஆற்றங்கரை, வட ஓரத்தில் முத்துப்பேட்டை.

மலையில் வளர்ந்த எனக்குக் கடல் என்றால் ராமேஸ்வரம் போகும்போது பாம்பன் பாலத்தில் ரயில் ஜன்னல் வழியே தெரிகிற நீலம். எங்கள் பெரியப்பாவின் கேரட் காட்டுக்கும் அந்த நீலத்துக்கும் சம்பந்தம் இருக்கும் என்று யோசித்ததே கிடையாது. இரண்டு வருடத்துக்கு முன்னால் முத்துப்பேட்டைக்குப் போய் வந்ததிலிருந்து இதைத் தேடித்தேடிப் படிக்கிறேன். புரிந்ததை, மலைக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி எழுதுகிறேன்.

முதலில் கடலடி. நாம் அதை வெறும் தரை என்றுதான் நினைக்கிறோம், தண்ணீரும் மீனும்தான் கடல், அடியில் கிடப்பது மண் என்று. ஆனால் நல்ல சோலைக்காட்டு மண்ணைக் கிளறினால் மண்புழு, வண்டு, பூஞ்சை வேர் என்று எப்படி உயிர் நெளிகிறதோ அப்படியேதான் கடலடிச் சேறும். அதில் புழுக்கள், மட்டி, சங்கு, நண்டு, கடல் அட்டை, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் எல்லாம் குடியிருக்கின்றன. புழு வளை தோண்டுகிறது, அந்த வளை வழியாக ஆக்சிஜன் உள்ள தண்ணீர் சேற்றுக்குள் இறங்குகிறது. மட்டி தண்ணீரை உறிஞ்சி, அதிலிருக்கிற பொடி உணவை வடிகட்டித் தின்றுவிட்டு, தெளிந்த தண்ணீரை வெளியே விடுகிறது. கடல் அட்டை சேற்றையே விழுங்கி அதிலுள்ள அழுகலைத் தின்று, மிச்சத்தைக் கழுவிய மணல் மாதிரி பின்னால் தள்ளுகிறது. நம் காட்டில் மண்புழு பார்க்கிற வேலை, வேறொன்றுமில்லை.

வெளிச்சம் எட்டுகிற ஆழத்தில் இன்னொரு அதிசயமும் இருக்கிறது, கடற்புல். கடல்தாழை என்றும் சொல்வார்கள். இது பாசி கிடையாது. வேர், தண்டு, இலை, பூ எல்லாம் உள்ள உண்மையான செடி. பாக் விரிகுடாவின் சராசரி ஆழம் 10 மீட்டரைத் தாண்டாது, அதனால் அங்கே கடற்புல் வெளி பரந்து கிடக்கிறது. அதை மேய்கிற ஆவுளியா, அதாவது கடற்பசு, ஒரு நாளைக்கு 30 முதல் 40 கிலோ புல் தின்னும். இந்தியாவின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகத்தைத் தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் அங்கேதான் அறிவித்தது, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர்.

காயல் என்பது ஆறும் கடலும் சந்திக்கிற இடத்தில், மணல் திட்டுக்கு உட்பக்கம் அடங்கிக் கிடக்கிற ஆழமில்லாத நீர்ப்பரப்பு. அலை அடிக்காது, தண்ணீர் நிதானமாக நகரும். அதனால்தான் இறால் குஞ்சும் மடவை, கொடுவா குஞ்சும் அங்கே வந்து வளர்கின்றன. அதனாலேயே ஆறு சுமந்து வருவதெல்லாம் அங்கே தங்கியும் விடுகிறது.

சரி, மண்ணுக்கு வருவோம். ஐப்பசி மழையில் மேல்மலைப் பக்கம் போயிருப்பவர்களுக்குத் தெரியும். கேரட் எடுத்து முடித்த காடு, அடுத்த போகத்துக்கு உருளைக்கிழங்கு வைக்கக் கொத்திப் போட்டிருக்கிற காடு, இரண்டும் அந்த நேரத்தில் பச்சை ஒன்றுமில்லாமல் திறந்து கிடக்கும். பார், அதாவது செடி வைக்க மண்ணைக் கூட்டிக் கட்டுகிற வரிசை, பிடிப்பதும் பல இடங்களில் சரிவோடு இறக்கிப் பிடிப்பார்கள், தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும் என்கிற பயத்தில். அந்தப் பயத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு மணி நேரம் விட்டுப் பெய்தால் போதும், ஒவ்வொரு பாருக்கும் நடுவே பால் போடாத டீ நிறத்தில் தண்ணீர் ஓடும். சோலைக்குள்ளிருந்து வருகிற ஓடை அதே மழையில் அந்த அளவுக்குக் கலங்காது. இந்த மலையில் புல்வெளியை அழித்து வாட்டில், தைலமரம், பைன் என்று நட்டதும், அப்புறம் கட்டடத்துக்கும் ரோட்டுக்கும் மலையை வெட்டியதும் சேர்ந்து, மழையை உறிஞ்சிப் பிடித்து வைக்கிற மேல்மண் குறைந்துகொண்டே வருகிறது.

ஓடுகிற தண்ணீரில் எல்லா மண்ணும் ஒரே தூரம் போகாது. கல்லும் பரலும் மலையடிவாரத்திலேயே நின்றுவிடும். மணல் ஆற்றுப் படுகையில் தங்கும். பொடி வண்டலும் களியும் மட்டும்தான் கடைசிவரை மிதந்து போகும். அப்படி மிதந்து போகிற களி கடலைத் தொட்டதும் ஏன் அடியில் உட்கார்ந்துவிடுகிறது? இதை வீட்டிலேயே பார்க்கலாம், நான் பார்த்தேன். பெரியப்பா காட்டிலிருந்து ஒரு பிடி மண்ணை ஒரு சொம்புத் தண்ணீரில் கரைத்து, ஐந்து நிமிடம் விட்டு, மேலே நின்ற கலங்கலை மட்டும் இரண்டு கண்ணாடி டம்ளரில் ஊற்றினேன். ஒன்றில் ஒரு டீஸ்பூன் கல் உப்பைப் போட்டுக் கலக்கினேன், இன்னொன்றையும் சும்மா கலக்கினேன். கொஞ்ச நேரத்தில் உப்புப் போட்ட டம்ளரில் பால் திரிகிற மாதிரி கலங்கல் திரிதிரியாகச் சேர்ந்தது. சேர்ந்த திரிகள் மெதுவாக இறங்க, மேலே ஒரு விரல் அளவுக்குத் தெளிந்த தண்ணீர், அப்புறம் இரண்டு விரல். உப்பில்லாத டம்ளர் மறுநாள் காலையிலும் டீ நிறத்திலேயே நின்றது.

காரணம் இதுதான். களித் துகள்கள் ஒவ்வொன்றும் மின்னூட்டம் உள்ளவை, ஒரே வகை மின்னூட்டம் என்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே மிதக்கும். உப்பு அந்தத் தள்ளலைக் குறைத்துவிடுகிறது, துகள்கள் ஒட்டிக்கொண்டு கனம் கூடி இறங்குகின்றன. ஆற்று முகத்துவாரமும் காயலும்தான் நன்னீர் முதன்முதலாக உப்பைச் சந்திக்கிற இடம். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் மிதந்து வந்த மண் அந்த எல்லையில்தான் இறங்குகிறது.

இறங்கினால் என்ன கெட்டுப்போகிறது என்று கேட்கலாம். கொஞ்சம் கொஞ்சமாக வந்தால் ஒன்றும் கெடாது, நல்லதுகூட. காவிரிக் கழிமுகமே அப்படி இறங்கிய வண்டலில் உண்டானதுதான், கழிமுகச் சேற்றில் வளர்கிற அலையாத்திக் காட்டுக்கும் (மாங்குரோவ்) வண்டல் வேண்டும். அளவு மீறும்போதுதான் சிக்கல். மட்டியின் செவுளில் களி அடைத்துக்கொள்ளும், அது ஓட்டை மூடிக்கொண்டு தின்னாமல் கிடக்கும். புழுவின் வளை மூடிப்போகும். சங்கோ நண்டோ நகர்ந்து தப்பிக்கலாம், ஒட்டி வாழ்கிற பவளத்தால் முடியாது. எல்லாவற்றையும்விடப் பெரிய அடி கடற்புல்லுக்கு. கடல் மேற்பரப்பில் விழுகிற வெளிச்சத்தில் சராசரியாகப் பத்தில் ஒரு பங்காவது அதற்கு எட்ட வேண்டும். மிதக்கிற பாசி அதைவிட ரொம்பக் கம்மியான வெளிச்சத்திலும் பிழைத்துக்கொள்ளும். தண்ணீர் வாரக்கணக்கில் கலங்கிக் கிடந்தால் புல் வேரில் சேர்த்து வைத்ததைத் தின்று சமாளிக்கும், அதுவும் தீர்ந்தால் செத்துப்போகும். புல் போனால் அதன் வேர் பிடித்து வைத்திருந்த சேறும் கிளம்பி, தண்ணீர் இன்னும் கலங்கி, பக்கத்துப் புல்லும் போகும். மலையில் ஒரு கல்கட்டு சரிந்தால் அதற்குக் கீழே இருக்கிற கட்டுகளும் வரிசையாகச் சரிகிற மாதிரி.

முத்துப்பேட்டைக்குப் போனபோது ஜாம்புவானோடையில் படகு ஏறினோம். இரண்டு பக்கமும் அலையாத்தி மரங்கள், நடுவே கோரையாறு. காயல் திறக்கிற இடத்தில் தண்ணீர் முழங்கால் அளவுக்கு வந்ததும் படகோட்டி அண்ணன் துடுப்பை ஊன்றி நிறுத்தி, "கையை விட்டுப் பாருங்க தம்பி" என்றார். முழங்கைவரை விட்டேன். மேலே தயிர் ஆடை மாதிரி வழுவழுவென்று ஒரு படலம், அதற்குக் கீழே வெண்ணெய் மாதிரி குளிர்ந்த சேறு. கையை எடுத்ததும் விரலிலிருந்து முட்டை அழுகிய வாடை. உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தால் மேல் படலம் பழுப்பு, அதற்கடியில் நல்ல கறுப்பு. "மேல தோல் பழுப்பா இருக்குல்ல, அது இருக்கற வரைக்கும் அடியில உசுரு இருக்கு. அதுவும் கறுத்துப் போச்சுன்னா மட்டி கிடைக்காது" என்றார்.

அவர் சொன்னது அப்படியே அறிவியல். பழுப்பு என்றால் அங்கே ஆக்சிஜன் இருக்கிறது, இரும்பு துருவாக இருக்கிறது. கறுப்பு என்றால் ஆக்சிஜன் இல்லை, அங்கே வாழ்கிற பாக்டீரியா கந்தக வாயுவை உண்டாக்குகிறது, அதுதான் முட்டை வாடை. அலையாத்திச் சேறு இயல்பாகவே அடியில் கறுப்புதான், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அந்தப் பழுப்புத் தோல் எத்தனை தடிமன் என்பதுதான் கணக்கு. புழுவும் நண்டும் நிறைய வளை போட்டால் தோல் தடிக்கும். உரமும் சாக்கடையும் அதிகம் வந்தால் மெலிந்துகொண்டே போகும்.

எப்படி மெலிகிறது? இங்கேதான் உரம் வருகிறது. மலைக் காய்கறிக்கு யூரியா, டிஏபி, காம்ப்ளக்ஸ், கோழி எரு எல்லாமே தாராளமாகப் போகிறது. செடி எடுத்துக்கொண்டது போக மிச்சமிருக்கிற தழைச்சத்து (நைட்ரஜன்) பெரும்பாலும் தண்ணீரில் கரைந்து போய்விடும், அதை எந்த அணையும் முழுசாக வடிகட்டாது. மணிச்சத்து (பாஸ்பரஸ்) பெரும்பாலும் மண் துகளில் ஒட்டிக்கொண்டு, மண் போகிற இடத்துக்கெல்லாம் போகும். வழியில் ஊர் ஊராகச் சாக்கடையும் சேரும், டெல்டா வயல்களின் வடிகால் தண்ணீரும் சேரும். இந்தச் சத்தெல்லாம் காயலிலோ கரைக்கடலிலோ சேர்ந்தால் நுண்பாசி மளமளவென்று பெருகும். முதலில் வெளிச்சத்தை மறைக்கும். அப்புறம் செத்து அடியில் விழும். விழுந்த குப்பையை மக்கவைக்கிற பாக்டீரியா அடித்தண்ணீரின் ஆக்சிஜனைத் தின்று தீர்க்கும். லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே ஆக்சிஜன் போனால் பெரும்பாலான கடலடி உயிர்களுக்கு அது மூச்சுத்திணறல். இன்னொரு கொடுமையும் இருக்கிறது. ஆக்சிஜன் இல்லாத சேறு, தான் பிடித்து வைத்திருந்த மணிச்சத்தை மறுபடியும் தண்ணீரில் விட்டுவிடும். அதாவது மேலே உரம் போடுவதை நிறுத்தினாலும் பழைய உரம் அடியிலிருந்து சில காலம் வந்துகொண்டேயிருக்கும்.

ஆக்சிஜன் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு 2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில் நடந்தது நேரடிச் சாட்சி. மண்டபம் பக்கத்துத் தீவுகளைச் சுற்றி நாக்டிலூகா என்கிற ஒற்றைச் செல் உயிரி பெருகிக் கடலே பச்சையாகிவிட்டது, மீன்கள் செத்து ஒதுங்கின, தண்ணீரில் ஆக்சிஜன் அந்த 2 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கிப் பவளங்கள் செத்தன. இது நம் மலையின் யூரியாவால் வந்தது என்று நான் சொல்லவில்லை. அந்த உயிரி பெருகுவதற்குக் காற்று, நீரோட்டம், சூடு என்று பல காரணங்கள் உண்டு. கடலடிக்கு மூச்சு முட்டினால் சில நாட்களுக்குள்ளேயே எவ்வளவு போய்விடும் என்பதற்காகச் சொல்கிறேன்.

மண்ணில் ஒட்டிக்கொண்டு பயணம் செய்வது உரம் மட்டுமில்லை. பல பூச்சிமருந்துகள், குரோமியம், ஈயம், பாதரசம் எல்லாமே பொடிக் களியில்தான் அதிகம் ஒட்டும், ஆகவே களி தங்குகிற இடத்தில்தான் அவையும் சேரும். திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலின் கழிவு குடகனாற்றுப் படுகை நிலத்தடி நீரைக் கெடுத்தது பலருக்கும் தெரியும். கொடைக்கானலில் 2001-இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசக் கழிவைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாதரசம் ஏன் கடலடிக்கு அத்தனை ஆபத்து என்றால், ஆக்சிஜன் இல்லாத கறுப்புச் சேற்றில் சில பாக்டீரியாக்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றிவிடுகின்றன. அது புழுவின் உடம்பில் ஏறும், புழுவைத் தின்ற மீனில் இன்னும் அதிகமாகச் சேரும், அந்த மீனைத் தின்ற பெரிய மீனில் அதைவிட அதிகமாக. ஜப்பானில் மினமாட்டா விரிகுடாவில் இப்படித்தான் ஆனது. 1956-இல் நோய் வெளியே தெரிந்தது. விரிகுடா அடியில் படிந்த பாதரசச் சேற்றை அள்ளி மூடுகிற வேலை 1977-இல் தொடங்கி 1990 வரை நடந்தது. தண்ணீர் ஓடிவிடும், சேறு இருந்துவிடும்.

இதையெல்லாம் சொன்னபோது பெரியப்பா ஒரு கேள்வி கேட்டார். "ஏப்பா, நடுவுல இத்தனை அணை இருக்கே, மண்ணு அங்கேயே நின்னுறாதா?" மிகச் சரியான கேள்வி. பெரும்பகுதி நிற்கத்தான் செய்கிறது. மஞ்சளாறு அணை, சோத்துப்பாறை, பாலாறு-பொருந்தலாறு, 1959-இல் கட்டிய வைகை அணை, அப்புறம் ஆயிரக்கணக்கான கண்மாய்கள், எல்லாமே மண் பிடிக்கிற பானைகள்தான். மணல் அநேகமாக முழுக்க நின்றுவிடும், களியில் ஒரு பகுதி வெள்ளத்தோடு தப்பிப் போகும், கரைந்த உரம் அவ்வளவாக நிற்காது.

ஆனால் நிற்பதிலும் ஒரு கேடு இருக்கிறது, இதுதான் எனக்கு வெகுநாள் பிடிபடாத இடம். கடலுக்கு மணலும் வேண்டும், நன்னீரும் வேண்டும். ஆற்று மணல் வராவிட்டால் கரையையும் முகத்துவாரத் திட்டையும் அலை அரித்துக்கொண்டு போகும்போது ஈடுகட்ட ஒன்றுமிருக்காது. நன்னீர் வராவிட்டால் கோடையில் காயல் தண்ணீர் ஆவியாகி, கடலைவிட உப்பாகிவிடும். முத்துப்பேட்டையில் உப்பை நன்றாகத் தாங்குகிற வெண்கண்டல் ஒன்றே காட்டின் பெரும்பகுதியைப் பிடித்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். உப்பு ஏறியும் இறங்கியும் இருந்தால்தான் பல வகை மட்டியும் புழுவும் இறாலும் இருக்கும், ஒரேயடியாக ஏறினால் சில வகைதான் தங்கும். ஆக நாம் அனுப்ப வேண்டியதைத் தடுத்து வைத்துக்கொண்டு, தடுக்க வேண்டியதை அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

எல்லாப் பழியும் மலை மேல் போட முடியாது, அது நியாயமும் இல்லை. காயலுக்குப் பக்கத்திலேயே இருக்கிற இறால் பண்ணைகளின் கழிவுநீர், கரையோர ஊர்களின் சாக்கடை, உப்பளம், ஆலைச் சுடுநீர் எல்லாம் அணை எதையும் தாண்டாமல் நேராகப் போய்ச் சேர்கிறவை. சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் கரையோர இறால் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. 2005-இல் வந்த சட்டம் அவற்றை முறைப்படுத்தி நடத்த வழிவிட்டது. இந்த இடத்தில் எனக்கு அந்தப் பழைய தீர்ப்பின் பக்கம்தான் மனம் நிற்கிறது.

மலையும் கடலும் எவ்வளவு பக்கம் என்பதை 2018 நவம்பர் 16 அன்று நாங்கள் எல்லோருமே பார்த்தோம். நள்ளிரவு தாண்டி வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல், முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டை முறித்துப் போட்டுவிட்டு, அன்றைக்கே கொடைக்கானலுக்கும் வந்து மரங்களைச் சாய்த்து மண்ணைச் சரித்தது. அதுவரை கடல் எங்களுக்கு ரொம்ப தூரம்.

பெரியப்பா அதற்கப்புறம் இன்னொன்றும் கேட்டார், "நம்ம காட்டு மண்ணு அங்க போய்ச் சேர எத்தனை நாளாகும்?" தண்ணீருக்குத்தான் நாள் கணக்கு. மண்ணுக்கு வருடக் கணக்கு. ஒரு மழையில் ஓடைக்கு, அடுத்த வெள்ளத்தில் ஆற்றுக்கு, அப்புறம் ஒரு கண்மாயில் நாலைந்து வருடமோ நாற்பது வருடமோ படுத்துக் கிடந்து, ஒரு பெருவெள்ளத்தில் கிளம்பி, இப்படித் தங்கித் தங்கித்தான் போகும். அன்றைக்கு முத்துப்பேட்டையில் என் கையில் ஒட்டியது தாத்தா காலத்துக் காட்டு மண்ணாகவும் இருக்கலாம் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

இந்தப் போகத்தில் மேல் காட்டில் மட்டும் பாரைச் சரிவுக்குக் குறுக்கே பிடித்தோம், தண்ணீர் தேங்காமல் ஓரமாக வடிய லேசாக வாட்டம் வைத்து. ஓடைக்கரையில் பத்தடி அகலம் எதுவும் கொத்தாமல் புல்லுக்கு விட்டாயிற்று, வெட்டிவேர் கொஞ்சம் நட்டிருக்கிறோம். மழை வருகிற மாதிரி இருந்தால் உரமூட்டையைப் பிரிப்பதில்லை. வடிகால் முடிகிற இடத்தில் இடுப்பளவு ஒரு குழி. போன ஐப்பசி முதல் மழை விட்ட மறுநாள் போய்ப் பார்த்தபோது குழியில் அரை ஆள் கலங்கல் நின்றிருந்தது, அடியில் வழுவழுவென்று மண். மூன்று நாள் கழித்துத் தண்ணீர் வடிந்ததும் பதினோரு கூடை அள்ளினோம், பெரியப்பா எண்ணிக்கொண்டே வந்தார், எல்லாவற்றையும் மேல் பாத்தியில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு அதில் முள்ளங்கி விதைத்தோம்.